ஜன்னலில் தெரிந்த ஏரி



ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் ஒரு மயக்கம் உண்டு. காவிரிக் கரையிலிருந்து வந்தவர்கள், கடலோரத்திலிருந்து வந்தவர்கள், கண்மாய்க் கரையில் வளர்ந்தவர்கள் என்று எல்லாரும் பெங்களூரில் வீடு பார்க்கும்போது, "பக்கத்தில் கெரெ இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். கன்னடத்தில் கெரெ என்றால் ஏரி. ஆறும் கடலும் இல்லாத இந்த ஊரில் ஏரிதான் நமக்கு ஆறு, ஏரிதான் கடல்.

எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான் அல்சூர் ஏரிப் பக்கம் 1984ஆம் ஆண்டு ஒரு மனை வாங்கினார். மனை நீளமானது. ஒரு பக்கம் சந்து, மறுபக்கம் ஏரியை நோக்கிய தெரு. சந்துப் பக்கத்துப் பாதியில் மாடிவீடு கட்டினார். ஏரிப்பக்கத்துப் பாதியில் நான்கு தென்னையும் ஒரு முருங்கையும் வைத்தார். மாடியில் பின்புறம் பெரிய ஜன்னல். சித்தி காபி ஆற்றிக் கொடுக்க, அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பதுதான் அவருடைய காலை வழிபாடு.

1997இல் மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தது. பணம் வேண்டியிருந்தது. ஏரிப்பக்கத்துப் பாதியை விற்றார். வாங்கியவர் நல்ல மனிதர். "கவலைப்படாதீங்க, கீழ்வீடு மட்டும்தான் கட்டுவேன். உங்க ஜன்னலை மறைக்க மாட்டேன்" என்று வெற்றிலை பாக்கின் மேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். சொன்னபடியே ஓர் ஓட்டு வீடுதான் கட்டினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் வாக்கு நின்றது. பிறகு அவர் காலமானார். பிள்ளைகள் வெளிநாட்டில். 2019இல் வீட்டை வேறொருவருக்கு விற்றார்கள். அவர் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, 2022இல் நான்கு மாடி எழுப்பினார். சித்தப்பாவின் ஜன்னலுக்கு எதிரே இப்போது இருப்பது ஒரு சிமெண்டுச் சுவரும் மூன்று ஏ.சி. பெட்டிகளும்.

"இருபத்தைந்து வருஷமாகப் பார்த்த ஏரி. அதில் எனக்கு உரிமை இல்லையா?" என்று அவர் வக்கீலிடம் கேட்டார். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கு விதை. சித்தப்பாவுக்கு நேர்ந்தது நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் நேரக்கூடியது. ஆகவே இதைப் பாடமாகவே பார்ப்போம்.

1. காட்சி வேறு, வெளிச்சம் வேறு

முதலில் ஒரு பழைய வழக்கு. 1610ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஆல்ட்ரெட் என்பவரின் வீட்டை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் பன்றிக் கொட்டில் கட்டினார். நாற்றம் தாங்காமல் ஆல்ட்ரெட் வழக்குத் தொடுத்து வென்றார். அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் ஒரு பாகுபாட்டைச் சொன்னார்கள். நல்ல காற்றும் வெளிச்சமும் வாழ்வுக்குத் தேவையானவை. அவற்றைக் கெடுத்தால் வழக்குப் போடலாம். தூரத்துக் காட்சி கண்ணுக்கு இன்பம் தருவது, அவ்வளவே. அது மறைந்தால் வழக்கில்லை. நானூறு ஆண்டுகள் கடந்தும் இந்தப் பாகுபாடு நம் நாட்டிலும் மாறவில்லை.

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. வக்கீல்கள் ஈஸ்மென்ட் ஆக்ட் என்பார்கள். பிறர் நிலத்தின் வழியாக நமக்குக் கிடைக்கும் வழி, தண்ணீர், வெளிச்சம், காற்று முதலான வசதிகளைப் பற்றியது அது. அதன் 15ஆம் பிரிவின்படி, ஒரு கட்டடத்துக்குள் ஜன்னல் வழியாக வெளிச்சமும் காற்றும் இடையூறின்றி, தகராறின்றி, உரிமையாக 20 ஆண்டுகள் வந்துகொண்டிருந்தால் அது நிலைத்த உரிமையாகிறது. பக்கத்து நிலம் அரசாங்கத்துடையதானால் 30 ஆண்டுகள்.

ஆனால் இதற்கு மூன்று எல்லைகள் உண்டு.

முதலாவது, இந்த உரிமை கட்டடத்தின் திறப்புகளுக்குத்தான். திறந்த வெளிக்கு வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இப்படிக் காலத்தால் உரிமை பிறக்காது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. தோட்டத்து நாற்காலிக்குச் சட்டத்தில் இடமில்லை.

இரண்டாவது, வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதாது. உடம்பின் சுகத்துக்குக் குறிப்பிடத்தக்க இடையூறு ஏற்பட வேண்டும், அல்லது அங்கே வழக்கமாகச் செய்துவந்த தொழில் பாதிக்கப்பட வேண்டும். 33ஆம் பிரிவின் விளக்கம் இது. விளக்குப் போடாமல் பகலில் படிக்க முடிகிறது என்றால் வழக்கு பலவீனமாகிவிடும்.

மூன்றாவது, காட்சி என்ற ஒன்று இந்தக் கணக்கிலேயே வராது. இருபது ஆண்டு பார்த்தாலும், இருநூறு ஆண்டு பார்த்தாலும், பார்த்ததனால் மட்டும் ஏரியின் தோற்றத்தில் உரிமை பிறப்பதில்லை.

சித்தப்பாவின் வக்கீல் இதைத்தான் சொன்னார். புதுக் கட்டடத்துக்காரர் விதிப்படி இடைவெளி விட்டிருந்தார். வெளிச்சம் ஓரளவு வருகிறது, காற்றும் வருகிறது. "ஐயா, நீங்கள் இழந்தது ஏரி. சட்டம் தேடுவது இருட்டை" என்றார் அவர். கேட்கக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் இதில் ஒரு நியாயம் உண்டு. முதலில் கட்டியவர் கண்ணில் படுவதெல்லாம் அவருக்கே என்று ஆகிவிட்டால், பின்னால் வருகிறவர் எவரும் வீடு கட்ட முடியாது. நாமும் இந்த ஊருக்குப் பின்னால் வந்தவர்கள்தாமே!

2. பத்திரத்தில் ஒரு வரி

அப்படியானால் ஏரி தெரியும் ஜன்னலுக்குக் காவலே கிடையாதா? உண்டு. அது பழக்கத்தில் இல்லை, எழுத்தில் இருக்கிறது.

லண்டனில் லெஸ்டர் சதுக்கம் என்று ஓர் இடம். அதன் நடுவில் தோட்டம், சுற்றிலும் வீடுகள். டல்க் என்பவர் 1808இல் தோட்டத்தை விற்கும்போது, அதைக் கட்டடம் இல்லாத திறந்த தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதி வாங்கினார். சுற்றியிருந்த வீடுகள் சில அவருடையவை. நிலம் பல கைகள் மாறியது. கடைசியில் வாங்கிய மாக்ஸி என்பவர், "என் பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லையே" என்று கட்டடம் எழுப்பப் பார்த்தார். பழைய நிபந்தனை அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்து வாங்கியவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று 1848இல் நீதிமன்றம் தடை விதித்தது.

இந்தக் கொள்கை நம் சொத்து மாற்றுச் சட்டத்திலும் உண்டு. அதுவும் 1882ஆம் ஆண்டுச் சட்டமே. பொதுவாக, ஒரு நிலத்தை முழு உரிமையோடு விற்றபின் "இப்படித்தான் அனுபவிக்க வேண்டும்" என்று வாங்கியவரைக் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் 11ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. விற்றவர் தம் கையில் வைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு நிலத்தின் நலனுக்காக அப்படி நிபந்தனை போட்டால் அது செல்லும். 40ஆம் பிரிவு, அந்த நிபந்தனை தெரிந்து பின்னால் வாங்குகிறவரையும் அது பிடிக்கும் என்கிறது. பத்திரம் பதிவு செய்யப்பட்டிருந்தால், பின்னால் வருகிறவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது கடினம்.

இப்போது சித்தப்பாவின் கதையைத் திரும்பப் பாருங்கள். அவர் விற்றது தம் மனையின் ஒரு பாதி. மறு பாதியில் தம் வீடு. சட்டம் சொல்லும் விலக்கு அவருக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது! "இந்த மனையில் தரையிலிருந்து இத்தனை அடிக்கு மேல் கட்டக் கூடாது, இது விற்பவரின் பக்கத்து வீட்டு நலனுக்காக ஏற்படும் நிபந்தனை, வாங்குபவரையும் அவருக்குப் பின் வருகிறவர்களையும் கட்டுப்படுத்தும்" என்று 1997இல் ஒரு வரி எழுதியிருந்தால், 2022இல் அவர் கையில் ஓர் ஆயுதம் இருந்திருக்கும். நல்ல மனிதரின் வாய்வார்த்தை அவர் உயிரோடு இருந்தவரை நின்றது. எழுத்து அவருக்குப் பின்னும் நின்றிருக்கும்.

அந்த வரியை எழுதினால் விலை சற்றுக் குறையலாம். உயரக் கட்ட முடியாத மனைக்கு யார் முழு விலை தருவார்கள்? அந்தக் குறைவுதான் ஏரிக்காட்சிக்கு நாம் கொடுக்கும் விலை.

நமக்குச் சொந்தமில்லாத பக்கத்து மனையானால், அதன் உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பணம் கொடுத்தோ, வேறு சலுகை தந்தோ, இன்ன உயரத்துக்கு மேல் கட்டுவதில்லை என்று எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். எந்த வடிவில் எழுதினால் அடுத்த உரிமையாளரையும் அது கட்டுப்படுத்தும் என்பதை வக்கீலைக் கேட்டே செய்ய வேண்டும்.

அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு ஒரு சொல். ஏரி தெரியும் வீடு என்று சொல்லி, சதுர அடிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் வாங்குவது இங்கே வழக்கம். அப்படி வாங்கினால், அந்த விளம்பரத் தாளையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டத்தில் 12ஆம் பிரிவு, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு ஈடு கேட்கும் வழியைத் தருகிறது. அனுமதி பெற்ற மொத்தத் திட்ட வரைபடத்தை மாற்றி, உங்களுக்கும் ஏரிக்கும் நடுவே இன்னொரு பிளாக் எழுப்ப வேண்டுமானால், வீடு எடுத்தவர்களில் மூன்றில் இரு பங்கினரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை என்கிறது 14ஆம் பிரிவு. ஆனால் கட்டுவது பக்கத்து மனைக்காரர் என்றால், இந்தச் சட்டம் அவரைத் தொடாது.

3. ஏரியைச் சுற்றிய வேலி

எழுத்து இல்லாதவர்களுக்கு மிஞ்சுவது பொது விதிகள். இவை நம் ஜன்னலைக் காக்க வந்தவை அல்ல. ஏரியைக் காக்க வந்தவை. ஆனால் ஏரிக்கும் வீட்டுக்கும் நடுவே திறந்தவெளி இருப்பது இவற்றால்தான்.

இந்த ஊர் ஏரிகளின் கதை நீங்கள் அறிந்ததே. மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. செல்லகட்டா ஏரி இருந்த இடத்தில் கோல்ப் ஆடுகிறார்கள். 1980களில் லட்சுமண ராவ் குழு, மிஞ்சிய ஏரிகளைக் காக்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. பெங்களூர் வளர்ச்சிக் கழகத்தின் திருத்திய பெருந்திட்டம் (2007இல் நடப்புக்கு வந்தது, பெயரில் மட்டும் 2015 என்றிருக்கும்) ஏரியைச் சுற்றி 30 மீட்டர் கட்டடமில்லாப் பகுதி என்று வகுத்தது. மழைநீர் ஓடும் ராஜகாலுவேக்களுக்கு அவற்றின் தரப்படி 50, 25, 15 மீட்டர்.

பெள்ளந்தூர், அகரம் ஏரிகளுக்கு நடுவே எழுந்த பெரிய கட்டுமானங்களைப் பற்றிய வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே 4 அன்று ஏரிக்கு 75 மீட்டர் என்று தூரத்தைக் கூட்டியது. ஏரிப் பக்கம் வீடு வைத்திருந்தவர்களுக்கு ஒரே கலக்கம். 2019 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. பெருந்திட்டத்தில் உள்ள தூரத்தைத் தீர்ப்பாயம் தானாக மாற்ற முடியாது என்பது காரணம். மறுபடி 30 மீட்டர். பிறகு 2025இல், ஏரியின் பரப்புக்கேற்ப இந்தத் தூரத்தை மாற்றும் திருத்த மசோதா ஒன்று கர்நாடகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சிறிய ஏரிகளுக்கு இடைவெளி மிகவும் குறையும் என்று ஏரி ஆர்வலர்கள் எதிர்த்தார்கள்.

இந்த ஏற்ற இறக்கம் நமக்குச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. பொது விதி மாறக்கூடியது. 75 ஆகும், 30 ஆகும், அதற்கும் கீழே போகும். அது மாறும்போது பேச வேண்டியவர்கள் ஏரிக் கரையில் இருப்பவர்களே. தம் ஜன்னலுக்காக மட்டும் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஏரிக்காகப் பேசினால் ஜன்னலும் சேர்ந்து பிழைக்கும்.

தூரத்தைத் தவிர உயரத்துக்கும் கணக்கு உண்டு. மனையின் பரப்பு, தெருவின் அகலம் இரண்டையும் பார்த்து எஃப்.ஏ.ஆர். என்னும் விகிதம் தருகிறார்கள். 1200 சதுர அடி மனைக்கு 1.75 என்றால், எல்லா மாடியும் சேர்த்து 2100 சதுர அடிதான் கட்டலாம். சுற்றிலும் விட வேண்டிய இடைவெளியும் உண்டு. பல இடங்களில் காட்சியை மறைப்பது அனுமதித்த மாடியல்ல. அனுமதியை மீறிய கடைசி மாடி! அங்கே மட்டும் நமக்குக் கேள்வி கேட்க உறுதியான இடம் உண்டு.

4. கடற்கரையில் வீடு வாங்குவோருக்கு

பெங்களூரில் சம்பாதித்து, ஓய்வுக் காலத்துக்கென்று சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ புதுச்சேரியிலோ மங்களூரிலோ கடல் தெரியும் வீடு தேடுகிறவர்கள் நம் சங்கத்தில் பலர். அவர்களுக்கு உரியது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. சி.ஆர்.இசட். என்பார்கள். முதல் அறிவிக்கை 1991 பிப்ரவரி 19 அன்று வந்தது. சிறந்த இயற்கை அழகுள்ள இடங்களையும் முதல் வகுப்பில் சேர்த்துக் காக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது குறிப்பிடத்தக்கது. பின்னர் 2011இலும், 2019 ஜனவரி 18 அன்றும் புதிய அறிவிக்கைகள் வந்தன.

கடல்நீர் ஏறி வரும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதி எட்டும். கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதி இரண்டாம் வகுப்பு. அங்கே ஏற்கெனவே உள்ள சாலைக்கோ, முறையாக அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதுக் கட்டடம் வரலாம். கடல்பக்கமாக வரக் கூடாது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். ஆனால் அதன் பயன் மாறக் கூடாது. கட்டட அளவும் 2019 அறிவிக்கை நாளில் அங்கே இருந்த விகிதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு முன்னே கடல்பக்கம் ஒரு பழைய பங்களா இருந்தால், அது நாளை எவ்வளவு உயரலாம் என்பதை இந்தக் கணக்கால் முன்கூட்டியே அறியலாம். கிராமப் பகுதியில், மக்கள் நெருக்கத்தைப் பொறுத்து 50 மீட்டரோ 200 மீட்டரோ கட்டடமில்லாப் பகுதி.

தண்ணீருக்கு மிக அருகே போவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கொச்சி மரடில் காயல் கரையில் நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள். எல்லாம் நீர்க்காட்சிக்காகவே வாங்கியவை. உள்ளூர் பஞ்சாயத்து அனுமதியும் இருந்தது. கடலோர விதியை மீறியவை என்று 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால ஈடாகத் தலா 25 லட்சம் ரூபாய் தர உத்தரவாயிற்று. பிறர் காட்சியை மறைத்துக்கொண்டு முன்னே நிற்கும் வீடு, அதற்கு முன்னே வேறு வீடு வராத வீடு, என்று மகிழ்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மறைக்க யாரும் இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

5. சிட்னிக்காரர்களின் நான்கு கேள்விகள்

வேறு நாட்டில் இதை எப்படித் தீர்க்கிறார்கள்? ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம் நீர்க்காட்சிக்குப் பேர்போனது. அங்கும் காட்சி யாருக்கும் தனிச் சொத்தல்ல. ஆனால் கட்டட அனுமதி தரும்போது காட்சியைப் பங்கிட்டுக்கொள்வது பற்றிப் பார்க்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் நில, சுற்றுச்சூழல் நீதிமன்றம் 2004இல் வாரிங்கா நகராட்சி சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் நான்கு படிகளை வகுத்தது.

ஒன்று: மறைவது எது? நிலக்காட்சியைவிட நீர்க்காட்சிக்கு மதிப்பு அதிகம். நீரும் கரையும் சேரும் கோடு தெரிந்தால் இன்னும் அதிகம். முழுக் காட்சி துண்டுக் காட்சியைவிட மேல்.

இரண்டு: வீட்டின் எந்தப் பக்கத்திலிருந்து தெரிகிறது? முன், பின் பக்கக் காட்சியைக் காக்கலாம். பக்கத்து வீட்டின் குறுக்கே தெரியும் காட்சியைக் காப்பது கடினம். நின்று பார்ப்பதைக் காப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பதைக் காப்பது கடினம்.

மூன்று: இழப்பு எவ்வளவு? கூடத்திலும் சமையலறையிலும் இழப்பது, படுக்கையறையில் இழப்பதைவிடப் பெரிது. அற்பம், சிறிது, மிதம், கடுமை, பேரிழப்பு என்று தரம் பிரிக்கிறார்கள்.

நான்கு: கட்டுகிறவர் கேட்பது நியாயமா? விதியை மீறியதால் காட்சி மறைந்தால், மிதமான இழப்பும் நியாயமற்றதாகக் கருதப்படலாம். விதிப்படியே கட்டினாலும் ஒரு கேள்வி மிஞ்சும். அதே இடத்தையும் வசதியையும் கெட்டிக்காரத்தனமான வரைபடத்தால் பெற்று, அண்டை வீட்டாரின் காட்சியைக் கொஞ்சம் மிச்சம் வைக்க முடியாதா?

நம் நாட்டில் இந்த நான்கு படிகளுக்குச் சட்ட பலம் இல்லை. ஆனாலும் அண்டை வீட்டாரோடு பேசுவதற்கு இதைவிட நல்ல அட்டவணை கிடையாது. "என் ஏரியை மறைக்காதே" என்றால் சண்டை வரும். "உங்கள் மாடிப்படி அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் அந்தப் பக்கம் தள்ளி வைத்தால், எங்கள் கூடத்து ஜன்னலில் ஒரு முழம் ஏரி தெரியும்" என்றால் பேச்சு வரும்.

இது கற்பனையல்ல. சித்தப்பா வீட்டெதிரே கட்டியவர் ஒரு கன்னடக்காரப் பெரியவர். எல்லாம் முடிந்து, பால் காய்ச்சிய அன்று இவரையும் சித்தியையும் அழைத்தார். மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். ஏரி முழுக்கத் தெரிந்தது. சித்தப்பாவின் கண் கலங்கியதைப் பார்த்துக் காரணம் கேட்டார். கேட்டுவிட்டு, "மொதலே ஹேளபஹுதித்தல்லா ஸ்வாமி" என்றாராம். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று பொருள். தொட்டியும் படிக்கட்டும் எந்தப் பக்கம் இருந்தாலும் தமக்கு ஒன்றுதான் என்றும் சொன்னார். அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்கும் மேல் சித்தப்பா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் கொடுக்காமலே இருந்துவிட்டார். மிச்சமாகியிருக்கக்கூடிய அந்த ஒரு முழம் ஏரியை மறைத்தது சுவர் மட்டுமல்ல.

6. செய்ய வேண்டியவை

வாங்குவதற்கு முன்: நமக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு மனையும் யாருடையது, அது எந்த வகுப்பு, எவ்வளவு உயரலாம் என்று பாருங்கள். காலி மனையும் ஓட்டு வீடும் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். நம் கட்டடமே ஏரியின் இடைவெளிக்குள் இருக்கிறதா என்பதையும் அளந்து பாருங்கள்.

விற்பதற்கு முன்: மனையைப் பிரித்து விற்றால் உயர நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதுங்கள்.

பக்கத்தில் விற்பனைப் பேச்சு கேட்டவுடன்: வாங்குகிறவரைப் போய்ப் பாருங்கள். வரைபடம் போடும் முன் பேசினால் செலவில்லாமல் மாறும். தூண் எழுந்தபின் ஒரு செங்கல்லும் நகராது.

கட்டடம் தொடங்கியதும்: அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் பகுதி எதில் வருகிறது என்று பார்த்து மனுச் செய்யுங்கள். மீறல் இருந்தால் தேதியிட்ட படங்களோடு உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். வெளிச்சத்துக்கு உண்மையான கேடு இருந்தால் காலம் கடத்தாமல் நீதிமன்றத்தில் தடை கேளுங்கள். மேல்தளம் போட்டபின் போகிறவருக்குத் தடை கிடைப்பது அரிது.

எப்போதும்: ஜன்னல் திறந்த ஆண்டுக்குச் சான்று வையுங்கள். பழைய வரைபடம், வரி ரசீது, கல்யாணப் புகைப்படம்கூட உதவும்.

7. ஜன்னலுக்கு வெளியே

கடைசியாக ஒன்று. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தது பலருக்கு நினைவிருக்கும். கழிவுநீர் கலந்து, தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்ததே காரணம் என்று சொன்னார்கள். பெள்ளந்தூர் ஏரியோ 2015, 2017, 2018 என்று திரும்பத் திரும்பத் தீப்பற்றியது. அந்த மார்ச் மாதம் சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? நாற்றம் தாங்காமல் ஒரு வாரம் அந்த ஜன்னலைச் சாத்தி வைத்தார். அப்போது எதிரே நான்கு மாடி இல்லை. காட்சி முழுதாக இருந்தது. பார்க்கத்தான் முடியவில்லை.

இதை இப்போது அவரே சொல்கிறார். "ஜன்னலை மறைத்தபோது வக்கீலிடம் ஓடினேன். ஏரி செத்தபோது ஜன்னலைச் சாத்தினேன். எது பெரிய தப்பு?" என்று கேட்கிறார். நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.

இப்போது காலையில் காபி குடித்துவிட்டு ஏரிக்கரைக்கே போகிறார். 2009இல் திறந்த வள்ளுவர் சிலை வரை நடை. கூடவே எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர். கழிவுநீர் வரும் இடத்தைப் பார்த்தால் இருவரும் படம் எடுத்து, ஒருவர் கன்னடத்திலும் ஒருவர் ஆங்கிலத்திலும் அதிகாரிகளுக்கு எழுதுகிறார்கள். ஜன்னலில் தெரிந்த ஏரி ஒரு வீட்டுக்கு உரியது. கரையில் நின்று பார்க்கும் ஏரி ஊருக்கு உரியது. முன்னதைப் பத்திரத்தால் காக்கலாம். பின்னதைக் கால்நடையாகப் போய்த்தான் காக்க வேண்டும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் வீட்டு ஜன்னலில் இருபது ஆண்டாக வருவது வெளிச்சமா, காட்சியா? சட்டம் எதைக் காக்கும்?

2. அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் முன்மனை ஒருவருக்கும் பின்மனை ஒருவருக்கும் போகிறது. பத்திரத்தில் என்ன எழுதிக்கொள்வது நல்லது?

3. உங்கள் பகுதி ஏரியின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது? பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வாருங்களேன்.